சபாபதிக்கு அனுஷ நட்சத்திரம்

"டிவியில வர்ற ஒருத்தனுக்குப் போயி நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணிட்டு வந்திருக்கீங்களேக்கா, வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?" இதையேதான் சொன்னாள் சசிரேகா, ஒரு எழுத்துக்கூட நான் கூட்டவில்லை, சமையலறை வாசலில், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து. என் கொழுந்தன் பெண்டாட்டி, மாடி வீட்டுக்காரி. சிரிக்கட்டுமே, சிரிப்பு என்ன ரேஷன் கடைச் சர்க்கரையா, தீர்ந்துபோக, என்றேன். "பேச்சை மாத்தாதீங்கக்கா. கண்ணு தெரியாத மனுஷிகிட்ட இல்லாததும் பொல்லாததும் சொல்லி வச்சிருக்கீங்க. காலையில ஆஸ்பத்திரியில கண்ணுக் கட்டைப் பிரிச்சதும் அத்தை என்னைப் பார்த்து முதல் வார்த்தை என்ன கேட்டாங்க தெரியுமா? 'சசி, சபாபதி எப்படிடி இருப்பான்?' எனக்கு யாருன்னே புரியல. நம்ம சொந்தத்துல அப்படி யாருன்னு யோசிக்கிறேன். அப்புறம் சொல்றாங்க, ரெண்டரை மணி சீரியல்ல வர்ற ரைஸ்மில் மேனேஜராம், பூங்கோதைன்னா அவனுக்கு உசிராம், அவனுக்கு அனுஷமாம், அவளுக்கு ரோகிணியாம். நானும்தான்க்கா மாடியில அதே சீரியலைப் பார்க்கிறேன். அந்த ஆளு ஃபைலை நீட்டுவான், போவான், அவ்வளவுதான். இன்னிக்கு ரெண்டரைக்கு அத்தை கண்ணைத் திறந்து பார்க்கப் போறாங்க. அப்ப உங்க வண்டவாளம் தண்டவாளம் ஏறும்." ஏறட்டும், நீ போய் அத்தை பக்கத்தில் உட்கார், கண்ணில் சொட்டு மருந்து விடுகிற வேளை வந்தால் கூப்பிடு என்று அனுப்பிவிட்டேன். போய்விட்டாள். எனக்கு முன்னால் பேப்பரை விரித்து வாழைப்பூ. விரலெல்லாம் நல்லெண்ணெய். மடலை உரித்தால் ஒரு சீப்பு பூ, ஒவ்வொரு பூவிலும் நடுவில் தலை தூக்கி நிற்கிற கள்ளனைப் பிடுங்க வேண்டும், ஒன்றை விட்டாலும் வடை கசக்கும். வாழைப்பூ வடை வேண்டுமாம் அத்தைக்கு, கண் வந்த நாளில். யார் கேட்டாலும் இன்றைக்கு முடியாது என்றிருப்பேன், அத்தை கேட்டதால் உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிறவள் மாதிரி. எனக்கு எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும்? நான் என்ன பொய்யா சொன்னேன்?

ஃபைலை நீட்டுவான், போவான், அவ்வளவுதானாம்! எப்படி நீட்டுவான் என்று பார்த்தாளா? சீரியல் வீட்டில் மற்ற எல்லாருக்கும் ஒரு கையால் நீட்டுவான், சின்ன மகன் ஆகாஷுக்கு மேஜைமேல் வைத்துவிட்டுக்கூட நகர்ந்துவிடுவான். பூங்கோதைக்கு மட்டும் எழுத்து அவள் பக்கம் நேராக வருகிற மாதிரி ஃபைலைத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து, பேனா மூடியைத் தானே கழற்றிக் கொடுப்பான். பேனா மூடியைக் கழற்றி! அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கிறவரை அந்த மூடி அவன் உள்ளங்கைக்குள் இருக்கும், விரல் மூடி. எந்த டைரக்டர் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பான், டைரக்டருக்கு ஆகாஷும் அவன் இரண்டு பெண்டாட்டிகளும் தட்டை விட்டெறிந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்கவே நேரமில்லை. சீரியலே ஆகாஷுடையதுதான். பூங்கோதை அந்த வீட்டு மூத்த மருமகள், புருஷன் சீரியல் ஆரம்பித்த வாரத்திலேயே மாலை போட்ட படமாகிவிட்டான், அன்றிலிருந்து மில்லைப் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் காபி ஆற்றிக்கொண்டு, கட்டம் போட்ட வெளிர்நிறச் சேலையில் ஓரமாக நடந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு மனசு இருக்குமென்று அந்தக் கதை எழுதுகிறவனுக்கே தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றிற்று. தோன்றிற்று என்ன, தெரிந்தது. நேற்று ராத்திரி போட்ட முன்னோட்டத்தில் ஆகாஷ் யாரையோ அறைகிறான், ஆவென்று எல்லாரும் அதைத்தான் பார்த்திருப்பார்கள், நான் பார்த்தது தூணுக்குப் பக்கத்தில் அரைச் சட்டை, சபாபதி, கண் சிமிட்டுகிற நேரம்தான், ஆனால் அறை விழுந்த பக்கம் அவன் திரும்பவில்லை, எல்லாத் தலையும் திரும்புகிறது, அவன் தலை மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கிறது, பூங்கோதை நிற்கிற பக்கம்! எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தைக்கு உடனே சொல்ல முடியவில்லை, அவர் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில், சசி துணைக்கு. இந்தக் கள்ளன் வரமாட்டேன் என்கிறது, நுனி அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது, போகட்டும், ஒன்றுதானே.

அத்தைக்குச் சொல்ல முடியவில்லை என்று நான் தவிப்பேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அவர்கள் வாயில் மிளகாய்ப்பொடி போட்டிருப்பேன். என் மாமியார் ரங்கநாயகி டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர், ரிட்டயர் ஆன பிறகும் விசிலைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் பால்காரரிடம் நான் தெரியாமல் 'தேங்க்யூ' என்று சொல்லிவிட்டேன். "இங்கிலீஷ்ல பேசினா சாம்பார் தானாக் கொதிச்சிருமா?" என்று கேட்டார், பால்காரர் முன்னாலேயே. கான்வென்ட்டில் படித்தது என் தப்பா? அன்றைக்கு மூடியது எங்கள் பேச்சு. அதற்கப்புறம் உப்பு கம்மி, தண்ணி வந்திருச்சா, கதவைச் சாத்து, அவ்வளவுதான். நானும் சளைத்தவள் இல்லை, சரி, ஆமாம், தெரியாது, இந்த மூன்றையும் வைத்தே குடும்பம் நடத்தினேன். அப்புறம் அவருக்குக் கண்ணில் புரை. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர், சர்க்கரை எங்கே இறங்கும், திருட்டுத்தனமாகப் பேரீச்சம்பழம் சாப்பிடுகிறவருக்கு, ஒருவழியாக இறங்கியது போன வாரம்தான். அதுவரை மசமசவென்று வெளிச்சம் மட்டும் தெரியுமாம், ஆள் தெரியாதாம். மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்து காதால் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சீரியல் வீட்டில் யாரோ 'பத்திரத்தைக் காணோம்' என்று கத்தினார்கள். கத்தினால் என்ன ஆகும், எல்லாருக்கும் தெரியும், டமார் டமார் என்று சத்தம் போட்டு இருக்கிறவர்கள் மூஞ்சியையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், ஒரு சுற்று காட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. யாரும் பேச மாட்டார்கள். அத்தைக்கு வெறும் டமார்தான். "என்ன ஆச்சு, ஏன் யாரும் பேசமாட்டேங்குறாங்க?" என்றார், கேள்வி எனக்குத்தானா என்றே தெரியவில்லை. பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, என்றேன், வேண்டாவெறுப்பாக. "யாரு யாரை?" என்றார். யார் யாரை! எத்தனையோ வருஷத்தில் இந்த வீட்டில் நான் வாங்கிய முதல் நல்ல கேள்வி அது. நான் துணியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்தால், எல்லாரும் ஆகாஷைப் பார்க்கிறார்கள், மூலையில் ஒருத்தன் மட்டும், அதுவரை பெயரோடு சரி, அவனை ஒரு ஆளாகவே நான் கவனித்ததில்லை. "சபாபதி, பூங்கோதையை," என்றேன். அத்தை டிவியிலிருந்து தலையை என் பக்கம் திருப்பினார். "அப்படிப் போடு," என்றார்.

அதற்கப்புறம் மத்தியானம் எப்போது வருமென்று காலையிலேயே ஆரம்பித்துவிடும் எனக்கு. மீனை ஆய்ந்துகொண்டே யோசிப்பேன், நேற்று 'சரிங்கம்மா' என்றானே, அந்த 'ம்மா'வை ஏன் அப்படி விழுங்கினான். அத்தைக்குக் காது கூர்மை, அவர் குரலைப் பிடிப்பார், நான் முகத்தைப் பிடிப்பேன். "அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு பிரமிளா, ராத்திரியெல்லாம் மில்லுல நின்னிருக்கான்," என்பார் குரலை வைத்து. ஆமாம் அத்தை, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கு, என்பேன் நான், கருத்துத்தான் இருக்கும்! டிரில் டீச்சர் இல்லையா, நிற்கிற நிலையை விடமாட்டார். "எந்தக் கால்ல எடை போட்டு நிக்கிறான், பாரு. ஒரு கால்னா கிளம்பத் தயாரா நிக்கிறான்னு அர்த்தம். ரெண்டு கால்லயும்னா அடிச்சாலும் போகமாட்டான். வரிசையில நிக்க வச்சு எத்தனை புள்ளைங்களைப் பார்த்திருக்கேன்." இரண்டு காலிலும்தான் நிற்கிறான் அத்தை! சட்டையைத் தானே தேய்த்துக்கொள்கிறான், இல்லாவிட்டால் காலர் ஓரம் அப்படிச் சுருங்காது என்று நான் சொன்னதை வைத்து, "அப்ப அம்மா இல்லாதவன்," என்று முடிவு கட்டினார். மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் ஒற்றை அறை, அதில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முட்டைக் குழம்பு, இதெல்லாம் சீரியலில் எங்கே வந்தது என்று கேட்டால் எங்கேயும் வரவில்லை. ஆனால் இல்லாமல் எப்படி? அவன் ஞாயிற்றுக்கிழமை பட்டினியா கிடப்பான்? நடுவில் இரண்டு வாரம் அவன் ஆளையே காட்டவில்லை. ஆகாஷ் வருகிறான், வக்கீல் வருகிறார், போலீஸ் வருகிறது, மேனேஜர் எங்கே என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே. பூங்கோதை காபி ஆற்றிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள் ஒருநாள். பார்த்தாள் அத்தை, சத்தியமாகப் பார்த்தாள் என்று நான் சொன்னதும் அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடு." நட்சத்திரம்? விரலை மடக்கி எண்ணினார். "இப்படி அழுத்தமா, வாயைத் திறக்காம இருக்கிறவன் அனுஷம்தான். அவ ரோகிணி. ரஜ்ஜுப் பொருத்தம் தட்டாது." பிள்ளையார் கோவில் குருக்கள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ என்றபோது என் வாய் ஒரு நொடி தயங்கியது உண்மை. சபாபதி, அனுஷம். பூங்கோதை, ரோகிணி. "தம்பதி சமேதராவா?" என்று கேட்டார் குருக்கள். இன்னும் இல்லை, என்றேன்! திங்கட்கிழமை வந்துவிட்டான். மெலிந்து, மீசையை எடுத்துவிட்டு, ஆனால் வந்துவிட்டான். நடிக்கிற ஆள் வேறு எங்கோ படப்பிடிப்புக்குப் போயிருப்பான், அது எனக்குத் தெரியாதா, நான் என்ன பைத்தியமா? தெரியும். அன்றைக்கு அத்தையும் நானும் கேசரி கிளறிச் சாப்பிட்டதும் நிஜம்தான், அவருக்குச் சர்க்கரை போடாமல்.

சசி வேறொன்றும் சொன்னாள், வாசலில் நின்று, போகிறபோக்கில், "வீட்டுல ஏதாவது குறை இருந்தாத்தான்க்கா இப்படியெல்லாம் தோணும்." நாக்கைப் பார். எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் சாப்பிடுகிறார், துண்டு எங்கே என்று கேட்கிறார், சம்பளத்தை வைக்கிற இடத்தில் வைக்கிறார், நல்ல மனுஷர். சபாபதி நேரில் இந்த வீட்டுக்கு வந்தால் செருப்பை வெளியில் விடு என்பேன், மோர் கொடுத்து அனுப்புவேன், அவ்வளவுதான் அவனுக்கும் எனக்கும். எனக்காகவா அவன்? அவளுக்காக! இது ஏன் ஒருத்தருக்கும் விளங்கமாட்டேன் என்கிறது? அடுத்த வீட்டு மாமரம் பூத்தால் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், பழம் நமக்கென்றா நிற்கிறோம்? பள்ளிக்கூடத்திலும் இதேதான். ஆறாவதில் ஒரு இங்கிலீஷ் பாடம், கலங்கரை விளக்கத்தில் ஒரு கிழவனும் அவன் மகளும், புயலில் படகைக் காப்பாற்றுகிறார்கள், பாடம் முடிந்தது. நான் எழுந்து, சிஸ்டர், படகில் வந்தவர்களில் யாரை அவள் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேட்டேன். சிஸ்டர் பெனடிக்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவுட் ஆஃப் சிலபஸ், சிட் டவுன், என்றார். சிலபஸுக்கு வெளியேதான் சிஸ்டர் எல்லாமே இருக்கிறது! உள்ளே புயலும் படகும்தான். அவள் உலர்ந்த துண்டை யாருக்கு முதலில் நீட்டினாள் என்பது உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டாமா, ஜெபமாலையை உருட்டும்போது ஒருதரம்கூடத் தோன்றாதா? அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். இப்போது ஃபோனில் ஊரே செய்கிறது, சின்னப் பெண்களெல்லாம் ஆகாஷ் பேரில் பாதி, அவன் இரண்டாவது பெண்டாட்டி பேரில் பாதி, ஒட்டி ஒரு பேர் வைத்து, படத்துக்குப் படம் இதயத்தைப் போட்டு, சீரியல் துண்டுக்குக் கீழே பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். போடட்டும், பாவம், அவர்களுக்கு முன்னால் நிற்கிறவர்கள்தான் தெரிகிறார்கள். நான் கீழே கீழே தள்ளிப் பார்ப்பேன், ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது சபாபதியைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று. ஒருநாள் இருந்தது! 'மேனேஜர் பார்க்கிற பார்வையை யாராவது கவனிச்சீங்களா' என்று, யாரோ, பேருக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. அடுப்பில் பால் பொங்கினதுகூடத் தெரியவில்லை எனக்கு. கவனிச்சேன் கவனிச்சேன் என்று தட்டித் தட்டி அனுப்பினேன். பதிலே இல்லை. அந்த ரோஜாப்பூ அதற்கப்புறம் வரவேயில்லை. ஆக எனக்கு இருப்பது அத்தை ஒருத்திதான்.

அத்தை ஒருத்திதான். அங்கேதான் வந்து இடிக்கிறது, எங்கே சுற்றினாலும். வாழைப்பூ முக்கால்வாசி முடிந்துவிட்டது, உள்மடல் வந்துவிட்டது, இனிமேல் பூவெல்லாம் பொடி, கள்ளன் கண்ணுக்கே தெரியாது, தடவித்தான் எடுக்க வேண்டும். பேனா மூடி நிஜம். அதில் சந்தேகமே இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு, நிஜம் என்றுதான் நினைக்கிறேன், கருத்துத்தான் இருந்தது, ஆனால் அத்தை சளி என்று சொன்னதற்கு முன்னால் இருந்ததா, சொன்ன பிறகு இருந்ததா? வாசல் பக்கம் பூங்கோதை பார்த்தது? பார்த்தாள். வாசல் பக்கமாகக் கழுத்து திரும்பிற்று. கேமராவுக்குப் பின்னால் யாராவது கூப்பிட்டுக்கூடத் திரும்பியிருக்கலாம், ஐயோ, இது எதற்கு இப்போது வருகிறது? தண்ணீர் டம்ளர். அவள் தண்ணீர் கொடுத்தபோது அவன் கை நடுங்கிற்று என்று சொன்னேனே, அத்தை அதை எத்தனை தடவை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார், "எப்படி நடுங்குச்சு, தண்ணி சிந்துச்சா?", சிந்தலை அத்தை, விளிம்பு வரைக்கும் வந்துட்டு நின்னுச்சு. நின்றதா? டம்ளர் எவர்சில்வர். எவர்சில்வர் டம்ளருக்குள் தண்ணீர் எங்கே நின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான் பார்த்தேனே! இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறதே, விளிம்பில் வந்து நின்ற தண்ணீர். பொய் சொன்னேன் என்று அத்தை நினைத்தால்கூட எனக்குக் கவலை இல்லை, வாங்காத திட்டா, விசிலை எடுத்து ஊதட்டும். பயம் அது இல்லை. அவர் பார்ப்பார், ஒன்றும் தெரியாது, என் மனசு நோகக் கூடாதென்று, 'ஆமாம் பிரமிளா, பார்க்கிறான்தான்' என்று சொல்லிவிட்டால்? அந்த மரியாதை! அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நாளைக்கு மத்தியானம் நானும் அவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு, அவரவர் கண்ணால், கேட்க ஒன்றுமில்லாமல், சொல்ல ஒன்றுமில்லாமல். நாளை மறுநாள் உப்பு கம்மி. அதற்கடுத்த நாள் கதவைச் சாத்து. சபாபதி பாட்டுக்கு ஃபைலை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டிருப்பான். அந்த ஓட்டு வீட்டு அறையை யார் பெருக்குவார்கள்? ச்சீ, என்ன இது, கண்ணில் எண்ணெய்க் கையோடு தேய்த்துக்கொண்டுவிட்டேன், எரிகிறது.

சீரியல் பாட்டு வந்துவிட்டது. ரெண்டரை. "பிரமிளா, வா இங்க," அத்தை குரல், டிரில் மைதானத்துக்கே கேட்கும். கையெல்லாம் கறை அத்தை, நீங்க பாருங்க, முடிச்சிட்டு வரேன் என்றேன். முடித்தாயிற்று, மோரில் போட்டாயிற்று, கையும் கழுவியாயிற்று. கால்தான் வரமாட்டேன் என்கிறது. சமையலறைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். "இதுதான் அத்தை ஆகாஷ்," சசி, படம் பார்க்கவந்த குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "தெரியுது, குரல் தெரியாதா எனக்கு? ஏன்டி, மூஞ்சியில இவ்வளவு மாவு அப்பியிருக்கான்?" "எல்லாரும் அப்படித்தான் அத்தை." "தூங்கி எந்திரிக்கும்போதும் நெக்லஸா? இதை ஏன் பிரமிளா சொல்லவே இல்ல?" சொல்லவில்லை. அதெல்லாம் நான் பார்ப்பதேயில்லை அத்தை. அறை விழுந்தது, டமார் டமார், சசி சிரிக்கிறாள், அத்தையும் சிரிக்கிறார், அவர் சிரித்தால் நல்ல சகுனமா, சிரிப்பு வந்துவிட்டதென்றால் எல்லாமே சிரிப்பாகிவிடுமா? விளம்பரம். சலவைப் பவுடர், மசாலா, நகைக்கடை, மறுபடி அதே சலவைப் பவுடர், சீக்கிரம் முடிங்களேன். முடிந்தது. பூங்கோதை குரல், அந்த அமுங்கின குரல், "கணக்கை நாளைக்குப் பார்த்துக்கலாம் சபாபதி." "சரிங்கம்மா." அவன்! 'ம்மா'வை விழுங்கிவிட்டான், கேட்டேன், அது என் காதுக்கே கேட்டது. அப்புறம் பேச்சு இல்லை. டமார் இல்லை. புல்லாங்குழல். புல்லாங்குழலா? இவர்களுக்கு இதுவரை புல்லாங்குழல் போட்டதேயில்லையே! "யாருடி அது, பின்னால நிக்கிறது?" "அவன்தான் அத்தை. உங்க ஆளு." "இவனா?" திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டேன். "இவனா? என்னடி, முன்னால இவ்வளவு வழுக்கை!" வழுக்கை என்று நான் சொல்லவில்லை. அத்தை கேட்கவும் இல்லை, எந்தக் காலில் எடை போட்டு நிற்கிறான் என்றுதானே கேட்டார். "நான்தான் சொன்னேனே அத்தை, ஃபைலை நீட்டுவான், அப்படியே போ..." "ஏய், வாயை மூடு. பாரு." அது என்னைச் சொல்கிற குரல் இல்லை, சசியைச் சொல்கிறார், வாயை மூடு என்கிறார், பாரு என்கிறார், எதைப் பாரு? நாற்காலி கிறீச்சிட்டது, முன்னால் சாய்கிறார், டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். புல்லாங்குழல் நிற்கவில்லை. சரிங்கம்மா என்று சொன்னவன் போயிருக்க வேண்டும், செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. சசிக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது, தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று கொழுந்தனே சொல்வார், அவள் மூச்சுக்கூட வரவில்லை. திரைச்சீலையைத் தள்ளினால் தெரிந்துவிடும், இரண்டு எட்டுதான், கை அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, தள்ளமாட்டேன் என்கிறது. அத்தை, என்றேன். என்ன அத்தை, என்றேன் இன்னும் கொஞ்சம் சத்தமாக. புல்லாங்குழல்தான். "அத்தை, என்ன பண்றான்? சசி, நீயாவது சொல்லேன். அவ நிமிர்ந்து பார்த்தாளா? யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்."